இன்டர்வியூ என்றாலே குரல் நடுங்குகிறது, தெரிந்த பதிலும் வர மறுக்கிறது

கூட்டல்கழித்தல்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அக்கவுண்ட்ஸ் வேலை. வேலை நன்றாகவே தெரியும், ஆபீஸில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் இன்டர்வியூவில் போய் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுகிறேன். உள்ளங்கை ஜில்லிட்டுப்போகிறது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, குரல் நடுங்குகிறது. அந்த நடுக்கம் என் காதிலேயே விழுந்ததும் அடுத்த வாக்கியம் அறுந்துவிடுகிறது. போன இன்டர்வியூவில் "பேங்க் ரீகன்சிலியேஷன் எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் நம் கணக்கையும் ஒத்துப் பார்ப்பது, வழக்கமாக நான் செய்கிற வேலை. திருதிருவென்று விழித்துவிட்டு, "சாஃப்ட்வேர்லேயே வந்துடும் சார்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நடுவில் ஒன்றரை வருடம் வேலைக்குப் போகவில்லை, வீட்டில் ஒருவரைக் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. அடுத்த வாரம் இன்னொரு இன்டர்வியூ இருக்கிறது. "தைரியமாப் போ, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்பதைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அதைச் சொல்ல வீட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பச்சைமிளகாய்:

"தைரியமாப் போங்க" என்று டைப் அடித்து வைத்திருந்தேன். கடைசி வரியைப் படித்துவிட்டு அழித்துவிட்டேன்.

ஒரு கேள்வி சகோ. ரீகன்சிலியேஷன் செய்வது எப்படி என்று இதுவரை யாரிடமாவது வாய்விட்டு முழுசாகச் சொல்லியிருக்கிறீர்களா? செய்து பழக்கம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. சொல்லிப் பழக்கம் இருக்கிறதா?

கூட்டல்கழித்தல்:

யோசித்துப் பார்த்தால் இல்லை. சந்தேகம் கேட்டு வருகிறவர்களுக்குக்கூட ஸ்கிரீனைக் காட்டி "இங்கே பாரு, இதை இப்படி மாத்து" என்றுதான் சொல்லிக்கொடுப்பேன்.

பச்சைமிளகாய்:

அப்படியானால் பாதிச் சிக்கல் அங்கேதான். உங்கள் கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது. இன்டர்வியூவில் கையைக் கட்டிப்போட்டுவிட்டு வாயை மட்டும் கேட்கிறார்கள். முதல்முதலாகச் சொல்கிற விஷயத்தை, சம்பளம் தரப்போகிறவர் முன்னால் உட்கார்ந்து சொன்னால் யாருக்குத்தான் உதறாது? மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதை ஒத்திகை என்று சொல்லவே கூடாது. உள்ளே ஓட்டும்போது எல்லாருமே மேடைப் பேச்சாளர்தான்.

நாடித்துடிப்பு:

மருத்துவர் என்ற முறையில் அந்த ஜில்லிட்ட கையைப் பற்றிச் சொல்கிறேன். ஆபத்து என்று மூளைக்குப் பட்டவுடன் அட்ரினலின் சுரக்கிறது. கைவிரல் தோலுக்குப் போகிற ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் பெரிய தசைகளுக்குத் திரும்புகிறது. கை ஜில்லிடுவது அதனால்தான். எச்சில் குறைந்து வாய் வறள்கிறது. மூச்சு வேகமாக, மேலோட்டமாக ஓடுகிறது. குரல் மூச்சை நம்பி இருப்பதால் அதுவும் ஆடுகிறது. ஓடித் தப்பிக்கவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு செய்துதருகிற ஏற்பாடு இது. நாற்காலியில் உட்கார்ந்து பேசத்தான் போகிறோம் என்பது அதற்குத் தெரியாது.

இதில் நாம் நேரடியாகக் கை வைக்க முடிந்த இடம் மூச்சு ஒன்றுதான். இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் துடிக்கும். வேகஸ் என்ற நரம்பு செய்கிற வேலை அது. அதனால் விடுகிற மூச்சை நீளமாக்குங்கள். மூக்கு வழியாக ஆழமாக இழுத்து, மேலே இன்னொரு சின்ன இழுப்பு, அப்புறம் வாய் வழியாக மெதுவாக முழுசும் வெளியே. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைத் தினமும் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்யவைத்துப் பார்த்தார்கள். தியானம் செய்த குழுவைவிட இந்தக் குழுவுக்கு மனநிலை கூடுதலாக மேம்பட்டிருந்தது. தினமும் செய்தவர்களுக்குக் கிடைத்த பலன் இது. வாசலில் நின்றுகொண்டு முதல்முறையாக முயன்றால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

காபி பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பில் போன காஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். தினமும் குடிப்பவர் என்றால் வழக்கமான அளவோடு நிறுத்துங்கள். அன்றைக்கென்று தெம்புக்காக இன்னொன்று வேண்டாம். அன்றைக்கென்று அறவே விடவும் வேண்டாம், தலைவலி வரும்.

அரைத்தூக்கம்:

எல்லாரும் கஷ்டமான வழியாகச் சொல்கிறீர்கள். இன்டர்வியூவுக்கு முன்னால் பாத்ரூமில் போய் 2 நிமிடம் இடுப்பில் கை வைத்து நெஞ்சை நிமிர்த்தி நில்லுங்கள். ஹார்மோனே மாறிவிடுமாம். பெரிய பல்கலைக்கழக ஆராய்ச்சி, வீடியோ பார்த்தேன்.

பச்சைமிளகாய்:

அந்த ஆராய்ச்சி 2010-இல் வந்தது, 42 பேரை வைத்துச் செய்தார்கள். 2015-இல் வேறொரு குழு 200 பேரை வைத்து அதையே திரும்பச் செய்தபோது ஹார்மோனில் எந்த மாற்றமும் இல்லை. தெம்பாக இருப்பதுபோல் தோன்றியது என்று மட்டும் சொன்னார்கள். முதல் ஆய்வை எழுதிய மூவரில் ஒருவரான டேனா கார்னி, 2016-இல் எனக்கே இதில் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். நிற்காதீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் பாத்ரூம், உங்கள் இடுப்பு. ஹார்மோனை மட்டும் இழுக்காதீர்கள்.

அரைத்தூக்கம்:

சரி சரி. இதையாவது விடுவீர்களா? "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வதைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டால் நல்லது என்று படித்தேன்.

பச்சைமிளகாய்:

இதை விடுகிறேன். ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்டது. பாட்டு, மேடைப் பேச்சு, கணக்கு மூன்றிலும் பார்த்தார். உற்சாகம் என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகச் செய்தார்கள். காரணமும் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. பயத்திலும் நெஞ்சு படபடக்கிறது, உற்சாகத்திலும் படபடக்கிறது. படபடப்பை அப்படியே வைத்துக்கொண்டு பேரை மட்டும் மாற்றுவது சுலபம். அமைதி என்றால் படபடப்பையே அடக்கவேண்டும், அது நடக்கிற காரியமா?

மேசைக்கு அந்தப்பக்கம்:

பல வருடமாக ஆள் எடுக்கும் குழுவில் உட்காருகிறேன். அங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

முதலில், உங்கள் நடுக்கம் உங்கள் காதில் விழுகிற அளவுக்கு எங்களுக்கு விழுவதில்லை. உங்கள் பதிலை எழுதிக்கொண்டிருப்போம், அடுத்த கேள்வி எது என்று தாளைப் பார்த்துக்கொண்டிருப்போம், பக்கத்தில் இருப்பவர் ஏற்கெனவே கேட்டதையே கேட்டுவிடுவாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்போம். நம் உள்ளே நடப்பது வெளியே அப்பட்டமாகத் தெரிகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். தாமஸ் கிலோவிச்சும் கென்னத் சாவிட்ஸ்கியும் இதைச் சோதித்தார்கள். 2003-இல் அவர்கள் வெளியிட்டதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: பேசப்போகிறவர்களிடம் "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது" என்று முன்கூட்டியே விளக்கிச் சொன்னதுமே அவர்கள் பேச்சு மேம்பட்டது. பார்த்தவர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். அதனால்தான் உங்களிடமும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது. குரல் நடுங்கியதற்காக நான் யாரையும் தள்ளியதில்லை. "சாஃப்ட்வேர்லேயே வந்துடும்" என்ற பதிலுக்காகத் தள்ளியிருக்கிறேன். அதில் எழுதிக்கொள்ள ஒன்றுமே இல்லை. என் முன்னால் இருக்கிற தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம், மதிப்பெண் போட. வந்தவர் எதையாவது சொன்னால்தானே அதை நிரப்ப முடியும்?

எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடுகிற முறை இப்போது பரவலாகிவிட்டது. வேலையில் ஒருவர் எப்படி இருப்பார் என்று ஊகிக்க உதவும் முறைகளில் இதுதான் முதலிடம் என்று 2022-இல் பால் சாக்கெட் குழுவினர் பழைய ஆய்வுகளைத் திரும்ப அலசிக் காட்டினார்கள். இது உங்களுக்கு நல்ல செய்தி. இந்த முறையில் கேள்விகள் பெரும்பாலும் "இப்படி ஒரு சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்ற அச்சில்தான் இருக்கும். உங்கள் வேலையில் நடந்த ஐந்தாறு சம்பவங்களைச் சொல்லிப் பழகிவிட்டால், வருகிற கேள்விகளில் பெரும்பகுதிக்கு அதில் ஒன்று பொருந்தும்.

இங்கேயே ஒன்று எழுதுங்களேன், பார்க்கலாம். அதே ரீகன்சிலியேஷன்.

கூட்டல்கழித்தல்:

"மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் நம் புத்தகத்தில் உள்ள பேங்க் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். வித்தியாசங்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்வேன். இதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு."

எழுதும்போதே சப்பென்றுதான் இருக்கிறது.

மேசைக்கு அந்தப்பக்கம்:

சரியான பதில், ஆனால் பாடப்புத்தகத்தைப் படித்தவரும் இதையேதான் சொல்வார். ஒரு மாதமாவது கணக்கு ஒத்துப்போகாமல் படுத்தியிருக்குமே, அதைச் சொல்லுங்கள். எவ்வளவு வித்தியாசம், முதலில் எங்கே தேடினீர்கள், கடைசியில் எங்கே கிடைத்தது?

கூட்டல்கழித்தல்:

"ஒரு மாதம் புத்தகத்துக்கும் ஸ்டேட்மென்ட்டுக்கும் இடையே நிறைய வித்தியாசம் இருந்தது. நாம் கொடுத்து இன்னும் பாஸாகாத செக்குகளையும், பேங்க் பிடித்த சார்ஜையும் முதலில் ஒதுக்கினேன். அப்படியும் 5,400 மிச்சம் நின்றது. அது 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டது. அப்படியென்றால் பதியும்போது இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கோணத்தில் பேமென்ட்டுகளைப் பார்த்தபோது, ஒரு வெண்டருக்குக் கொடுத்த 1,700 புத்தகத்தில் 7,100 என்று ஏறியிருந்தது. திருத்தினேன், கணக்கு ஒத்துப்போனது. அதன்பிறகு ஒருவர் பதிந்ததை இன்னொருவர் பார்த்த பிறகே போஸ்ட் செய்வது என்று வைத்துக்கொண்டோம்."

பச்சைமிளகாய்:

ஒரு நிமிடம். அந்த 9 சமாச்சாரம் என்ன?

கூட்டல்கழித்தல்:

பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வருகிற வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். 71-இல் 17 போனால் 54. 82-இல் 28 போனாலும் 54. 63-இல் 36 போனால் 27. வகுபட்டால் அதுதான் தவறு என்று நிச்சயமில்லை, ஆனால் தேடுகிற இடம் சுருங்கிவிடும். அக்கவுண்ட்ஸில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் இது.

பச்சைமிளகாய்:

எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம்! நான் இப்போதுதான் கால்குலேட்டரை எடுத்துவைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன். சகோ, இதை எழுதும்போது உங்களுக்குப் பதற்றமாக இருந்ததா?

கூட்டல்கழித்தல்:

இல்லை. அந்த 1,700-ஐத் தேடிக் கண்டுபிடித்த நாள்தான் ஞாபகம் வந்தது.

மேசைக்கு அந்தப்பக்கம்:

என் தாளில் கட்டம் நிரம்பிவிட்டது. இந்தப் பதிலைக் குரல் நடுங்க நடுங்கச் சொல்லியிருந்தாலும் நிரம்பியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இதை வரிக்கு வரி மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தவர்கள் ஒரு சொல் தவறினால் மொத்தமாக நின்றுவிடுகிறார்கள், மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கப் பார்க்கிறார்கள். 5,400, 9, 1,700, 7,100 என்ற நான்கு எண்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள வாக்கியங்கள் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரட்டும். தங்கையோ தோழியோ, அக்கவுண்ட்ஸ் தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குப் புரிந்தால் குழுவில் இருக்கும் மனிதவளத்துறைக்காரருக்கும் புரியும்.

ராத்திரிஷிப்ட்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தெரிந்த ஒருவர் இன்டர்வியூவுக்கு முன்னால் ப்ரொப்ரனலால் மாத்திரை போட்டுக்கொள்கிறார். கை நடுக்கம் நின்றுவிடுகிறது என்கிறார். நல்லதா?

நாடித்துடிப்பு:

அது இதயத்துக்காக வந்த மருந்து. அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அட்ரினலின் இதயத்திலும் தசைகளிலும் செய்கிற வேலையைத் தடுக்கிறது, அதனால் படபடப்பும் நடுக்கமும் குறையும். மேடைக் கலைஞர்கள் சிலர் மருத்துவர் சொல்லி எடுப்பதுண்டு. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு இது மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆபத்தில் கொண்டுபோய் விடும். நாடித்துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. இன்னொருவர் டப்பாவிலிருந்து வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை இது. இன்டர்வியூவுக்குப் போகவே முடியாமல் வாய்ப்புகளைக் கைவிடுகிற அளவுக்குப் பயம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு மாத்திரையைத் தவிரப் பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது.

கூட்டல்கழித்தல்:

வேலையில் விழுந்த இடைவெளிக்கு என்ன சொல்வது? அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே தெரிவதில்லை. ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி விளக்கிக்கொண்டே போகிறேன்.

மேசைக்கு அந்தப்பக்கம்:

"குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டிருந்தேன். இப்போது அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது, முழுநேரம் வேலை பார்க்க முடியும்." அவ்வளவுதான். யார், என்ன நோய் என்பதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லை. அப்படியே கேட்டாலும் "அது குடும்ப விஷயம், இப்போது சரியாகிவிட்டது" என்று சிரித்தபடி முடித்துவிடலாம். நாங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: சேர்ந்த பிறகு வருவீர்களா?

கஷ்டம் சொல்வதில் இல்லை, சொன்ன பிறகு வாயை மூடுவதில் இருக்கிறது. சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்க ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது என்று, பத்து மொழிகளை வைத்து 2009-இல் வந்த ஆய்வு காட்டியது. அந்த வேகத்துக்குப் பழகிய காதுக்கு 3 வினாடி மௌனம் 3 நிமிடம் மாதிரி இருக்கும். உடனே எதையாவது போட்டு நிரப்பத் தோன்றும். நிரப்பாதீர்கள். நாங்கள் எழுதிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். இதே மௌனம் உங்களுக்கும் உதவும். கேள்வி கேட்டதும் "ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஒரு மடக்கு குடியுங்கள். யோசித்துப் பேசுகிறவர் என்றுதான் எழுதிக்கொள்வோம்.

திக்கித்திக்கி:

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். "உள்ளே நடப்பது வெளியே தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், முதல் வார்த்தையிலேயே தெரியும். அதனால் நான் உட்கார்ந்ததுமே, "எனக்குப் பேச்சு திக்கும், சில சொற்களுக்கு நேரம் எடுக்கும்" என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் திக்குவதுகூடக் குறைகிறது. பதற்றத்தையும் அதே மாதிரி முதலிலேயே சொல்லிவிட்டால் என்ன?

பச்சைமிளகாய்:

உங்களுக்குப் பொருந்துவது எல்லாருக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. திக்குவாய் உங்கள் திறமையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் "பதற்றமா இருக்கு சார்" என்று ஒருவர் ஆரம்பித்தால், அதுவரை கவனிக்காதவரும் கவனிக்க ஆரம்பித்துவிடுவார். நாமே காட்டிக்கொடுப்பானேன்?

மேசைக்கு அந்தப்பக்கம்:

திக்கித்திக்கி சொன்னதைப் படித்த பிறகு நான் எழுதியதில் ஒரு வரி சேர்க்கவேண்டும். வெளியே தெரியாது என்பது படபடப்புக்கு. பேச்சு திக்குவது வேறு, அதை முதலிலேயே சொல்வது எங்களுக்கும் உதவும். எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும், எங்கே வாக்கியத்தை முடித்துக்கொடுத்துத் தொந்தரவு செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்வோம்.

பதற்றத்தைச் சொல்வதில் மிளகாயோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். அதையே முதல் வாக்கியமாக வைக்கவேண்டாம். ஆனால் நடுவில் சொல் அறுந்து நின்றுவிட்டால், "கொஞ்சம் பதற்றமாக இருக்கிறது, அந்தப் பதிலை மறுபடி தொடங்குகிறேன்" என்று சொல்வதில் தவறே இல்லை. மனசுக்குள் போராடிக்கொண்டு உளறுவதைவிட அது எவ்வளவோ தேவலை. எங்களில் முக்கால்வாசிப் பேர் "நிதானமாச் சொல்லுங்க" என்றுதான் சொல்வோம்.

பச்சைமிளகாய்:

மீதிக் கால்வாசியிடம் மாட்டினால்?

மேசைக்கு அந்தப்பக்கம்:

அப்படிப்பட்டவரிடம் தினமும் வேலை பார்க்கவேண்டியிருக்குமே என்று நீங்களும் ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.

அரைத்தூக்கம்:

வீடியோ இன்டர்வியூவுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பச்சைமிளகாய்:

பொருந்தும். கூடவே, திரையில் உங்கள் முகம் தெரிகிற கட்டத்தை மறைத்துவிடுங்கள், பெரும்பாலான செயலிகளில் அதற்கு வழி இருக்கிறது. தன் முகத்தையே பார்த்துக்கொண்டு யாராலும் ஒழுங்காகப் பேச முடியாது. கேமராவுக்குப் பக்கத்தில் அந்த நான்கு எண்களை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

கூட்டல்கழித்தல்:

நேற்று ராத்திரி தங்கையை உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை 9-ஐ மறந்துவிட்டு நேராக 7,100-க்குத் தாவிவிட்டேன். அடுத்தடுத்த தடவைகளில் பரவாயில்லை. ஆனால் அவள் நடுவில் புகுந்து "செக் பாஸாகலைன்னா என்ன?" என்று கேட்டாள். அங்கேயே மொத்தமும் கலைந்துவிட்டது. நிஜ இன்டர்வியூவில் இப்படிப் பாதியில் மறித்தால் என்ன செய்வது?

மேசைக்கு அந்தப்பக்கம்:

மறித்துக் கேட்டால் பெரும்பாலும் நல்லதுதான், ஆர்வம் வந்திருக்கிறது என்று அர்த்தம். சலிப்பு வந்தவர்கள் மறிக்கமாட்டார்கள், தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். கேட்ட சின்னக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள்: "நாம் எழுதிக் கொடுத்துவிட்டோம், அவர்கள் இன்னும் பேங்கில் போடவில்லை." அப்புறம் "5,400 மிச்சம் நின்ற இடத்திலிருந்து தொடரட்டுமா?" என்று கேளுங்கள். எண் கையில் இருப்பதால் விட்ட இடம் தொலையாது. இன்றைக்கும் தங்கையை உட்காரவையுங்கள், எங்கே வேண்டுமானாலும் மறிக்கச் சொல்லுங்கள்.